தெருமுனைச் சாவடியும் பசுமைக் கூரையும்: அக்கம்பக்கக் காவல் நிலையத்தின் வடிவ வரலாறு

காவல் நிலையம் இரவில் விளக்கணைக்காத கட்டடம். பள்ளிக்கூடத்தை மாலையில் பூட்டிவிடுகிறார்கள். வட்டாட்சியர் அலுவலகம் பொழுது சாய்ந்ததும் இருட்டாகிவிடுகிறது. ஸ்டேஷனில் பாரா மாறுமே தவிர வேலை நிற்பதில்லை. விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், வயர்லெஸ், அண்மைக் காலமாகக் கண்காணிப்புக் கேமராக்களும் அவற்றின் பதிவுக் கருவிகளும் என எல்லாமே இரவும் பகலும் மின்சாரத்தை இழுக்கின்றன. எரிசக்திச் சிக்கனம் பற்றிய எந்த ஆய்விலும் முதலில் பேசப்பட வேண்டிய பொதுக் கட்டடம் இது. ஆனால் சிறைச்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் கட்டடக்கலை வரலாற்றில் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

பசுமைக் காவல் நிலையம் என்றதும் கூரையில் சூரிய மின்தகடு, கழிப்பறையில் நீர்ச் சிக்கனக் குழாய் என்றே பேச்சு போகிறது. வரலாறு வேறொரு பக்கம் கை காட்டுகிறது. நிலையத்தை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, புதிதாகக் கட்டத்தான் வேண்டுமா என்ற மூன்று முடிவுகளில்தான் ஒரு நிலையத்தின் சூழல் செலவு பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். குடிமக்கள் தயக்கமின்றி உள்ளே நுழைவார்களா என்பதையும் அதே மூன்று முடிவுகள்தான் தீர்மானிக்கின்றன. டோக்கியோவில் தொடங்கி, சிங்கப்பூர் வழியாக இன்றைய பசுமைக் கட்டடங்கள் வரை இந்த வாதத்தைப் பின்தொடரலாம். முடிவில் சென்னை மாகாணத்துக்கும் வர வேண்டியிருக்கிறது.

டோக்கியோ: ஓர் அறை, ஒரு மேசை, ஒரு வரைபடம்

டோக்கியோ பெருநகரக் காவல்துறை 1874இல் அமைந்தது. அதன் சிற்பியான கவாஜி தோஷியோஷி அதற்கு முன் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள காவல் முறைகளை, குறிப்பாகப் பிரான்ஸில் நடைமுறையிலிருந்ததை, நேரில் பார்த்து வந்தவர். அந்த ஆண்டிலேயே நகரின் முக்கியச் சந்திப்புகளில் காவலர்கள் முறை வைத்து நிற்கத் தொடங்கினார்கள். நின்ற இடத்தில் சிறு சாவடி எழுந்தது. 1881இல் அது முறையான கிளைக் காவலகமாகப் பெயர் பெற்றது. 1885இல் பெர்லினிலிருந்து வில்ஹெல்ம் ஹோன் என்ற காவல் அதிகாரி ஆலோசகராக வந்தார். 1888இல் இந்தச் சிறு நிலைய முறை நாடு முழுவதற்கும் விதியாயிற்று. நகரத்தில் முறைமாற்றிப் பணிபுரியும் 'கோபான்', கிராமத்தில் காவலர் குடும்பத்தோடு தங்கிப் பணிபுரியும் 'சூசாய்ஷோ' என இரண்டு வடிவங்கள் நிலைபெற்றன. மக்கள் வாயில் நெடுங்காலமாகப் புழங்கிய கோபான் என்ற பெயரைச் சட்டம் ஏற்றது 1994இல்தான். இன்று இரு வகையிலும் தலா சுமார் 6,000 நிலையங்கள் இருக்கின்றன.

வரைபடமாகப் பார்த்தால் கோபானில் வியக்க எதுவுமில்லை. தெருவை நோக்கித் திறந்த ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் வட்டார வரைபடம், பின்னாலோ மாடியிலோ ஓய்வறை, வாசலில் சிவப்பு விளக்கு. வழி கேட்பவரும் தொலைந்த பணப்பையைத் தேடி வருபவரும்தான் அங்கே அதிகம். காவலர் நடந்தோ சைக்கிளிலோ சுற்றுக்குப் போகிறார். வீடு வீடாகச் சென்று விசாரித்து வருவதும் அவர் பணி. குளிரூட்டவும் ஒளியூட்டவும் வேண்டிய பரப்பு மிகக் குறைவு. புகார் தருபவருக்கு வண்டி தேவையில்லை. காவலருக்கும் பல வேளைகளில் தேவையில்லை. இத்தனைச் சிக்கனமும் யாரும் சூழலை மனத்தில் வைத்துத் திட்டமிட்டதால் வந்ததல்ல. ஆளும் பணமும் குறைவாக இருந்த அரசு பரவலாகக் கண் வைக்க விரும்பியது; சிறிய கட்டடம் அதற்குப் போதுமானதாக இருந்தது. கோபான் முறையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தக் கண்காணிப்பு நோக்கத்தை எளிதாகத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

சிறிய கட்டடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. டோக்கியோவின் மான்செய்பாஷி பகுதியில் மெய்ஜி காலத்தில் கட்டப்பட்ட செங்கல் கோபான் ஒன்று இப்போது எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிரித்து அடுக்காமல் முழுதாகவே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிய தலைமையகத்துக்கு இந்த மறுவாழ்வு கிடைக்காது; இடிபாடாகக் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

1980களில் ஜப்பானின் செல்வச் செழிப்பு கோபானையும் தொட்டது. கின்சாவில் சுகியபாஷி கோபானை 1982இல் கசுமசா யமாஷிதா கூர்ங்கூரையோடு வடிவமைத்தார். சோஃபு ரயில் நிலையத்தருகே உள்ள சாவடி 1994இல் கசுயோ செஜிமாவின் கைவண்ணத்தில் எழுந்தது. பெரிய அளவில், கசுவோ ஷினோஹாரா 1990இல் குமாமோத்தோ நகரில் கட்டிய வடக்குக் காவல் நிலையம் மேலே அகன்று கீழே ஒடுங்கி, முகப்பு முழுக்க எதிரொளிக்கும் கண்ணாடியோடு நிற்கிறது. கண்ணாடி போட்டுவிட்டால் நிலையம் வெளிப்படையாகிவிடும் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்: வெளியே நிற்பவருக்குத் தெரிவது ஊரின் பிம்பம்தான்.

கோபானின் குறை 2000களில் பெரிய பேச்சாயிற்று. இருக்கும் இரண்டொருவரும் சுற்றுக்குப் போய்விட்டால் மேசை காலி. அவசரமாக ஓடி வருபவர் தலைமை நிலையத்தைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியதுதான். ஓய்வுபெற்ற காவலர்களை ஆலோசகர்களாக அமர்த்தியும் சில சாவடிகளை மூடியும் இணைத்தும் அரசு சமாளித்தது. நிலையம் சிறிதாவதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பது கட்டடமல்ல, ஆள்பலம்.

சிங்கப்பூர்: கட்டாமல் கிடைத்த நிலையம்

சிங்கப்பூரின் கதை வடிவமைப்பாளர்களுக்குக் கூடுதல் பாடம் தருகிறது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய வல்லுநர்களின் உதவியோடு கோபான் முறையை ஆராய்ந்த அந்நாட்டுக் காவல்துறை, 1983 ஜூன் 1 அன்று தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடியைத் திறந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தீவு முழுக்கச் சுமார் 90 சாவடிகள் வந்தன. இந்த மாற்றத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டேவிட் பெய்லி 1989இல் தனி நூலே எழுதினார்; ஜப்பானியக் காவல்துறை பற்றி அவர் முன்பே, 1976இல், எழுதியிருந்தார்.

இவற்றில் பல சாவடிகளுக்குத் தனிக் கட்டடமே கட்டவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் திறந்து விடுவது 1970களிலிருந்து வழக்கமாகியிருந்தது. மலாய்க் குடும்பத்தின் திருமணமும் சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கும் நடக்கும் பொதுவிடம் அது. முதியவர்கள் சதுரங்கம் ஆடுவதும் அங்கேதான். அந்தத் தளத்தின் ஒரு பகுதியைத் தடுத்தால் சாவடி தயார். தனி அடித்தளமில்லை, தனிக் கூரையில்லை. மேலே பத்துப் பன்னிரண்டு மாடி வீடுகள் இருப்பதால் நண்பகல் வெயில் தலையில் இறங்குவதில்லை. வெப்பமண்டலத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் வெப்பம் நுழையும் பெருவழி கூரை. இங்கே அந்த வழி கட்டணமின்றி அடைபட்டுவிட்டது. காய்கறி வாங்கப் போகிற வழியில் முகவரி மாற்றத்தைப் பதிந்துவிட்டுப் போக முடிந்தது. ஒரு நிலையத்தைப் பசுமையாக்க இதைவிட மலிவான உத்தியை நான் அறியேன்.

1997இல் திசை மாறியது. சாவடிக் காவலருக்கு விசாரணை, ரோந்து அதிகாரங்கள் போதாமல், பெரிய வழக்குகள் எல்லாம் தலைமையகத்துக்கே போய்க்கொண்டிருந்தன. இந்தப் பிளவை நீக்கப் பெரிய அக்கம்பக்கக் காவல் மையங்கள் அமைக்கப்பட்டன, முதலாவது குவீன்ஸ்டவுனில். 2015இல் வெஸ்ட் கோஸ்ட் சாவடி, இயந்திரத்தில் தானே புகார் பதியும் சுயசேவை நிலையமாக மாறியது; மற்றவையும் தொடர்ந்தன. நிர்வாகக் கோணத்தில் இரண்டு முடிவுகளுக்கும் நியாயம் உண்டு. ஆனால் மாடிவீட்டுக்குக் கீழே ஆள் அமர்ந்திருந்த நிலையம் போய், ஒரு பக்கம் பெரிய கட்டடமும் மறுபக்கம் ஆளில்லா இயந்திரமும் எஞ்சின. அதே சிங்கப்பூரில் பசுமைக் கட்டடங்களுக்கான 'கிரீன் மார்க்' தரச்சான்று வந்தது 2005இல். நிலையம் பெரிதான பிறகே அதன் பசுமையை அளக்கும் கோல் வந்து சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சான்றிதழ்க் காலம்

அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் 1993இல் தொடங்கி, தன் 'லீட்' தர முறையை 1998இல் வெளியிட்டது. இந்தியாவின் 'கிருஹா' அடுத்த பத்தாண்டில் வந்தது. எரிசக்தி, நீர், கட்டுமானப் பொருள், உள்காற்று எனப் புள்ளிகள் வழங்கும் முறைகள் இவை. பேருந்தும் ரயிலும் அருகில் இருந்தால் புள்ளி கூடும். ஆனால் இரண்டு சிறு நிலையங்களை மூடிவிட்டு ஒரு பெரிய நிலையம் கட்டினால், மூடியதால் வந்த நட்டம் புதுக் கட்டடத்தின் கணக்கில் ஏறுவதில்லை.

விதிவிலக்கான முயற்சிகளும் உண்டு. பெர்லினின் அரசாங்கப் பகுதிக்கான தீயணைப்பு, காவல் நிலையத்தை சவர்ப்ரூக் ஹட்டன் நிறுவனம் 2004இல் முடித்தது. எஞ்சி நின்ற பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல், அதன் முதுகில் புதுப் பகுதியை ஒட்டினார்கள். தீயணைப்புக்குச் சிவப்பு, அன்றைய ஜெர்மன் காவல்துறைக்குப் பச்சை என நிறக் கண்ணாடிகள் செதில்போல் அடுக்கப்பட்டன. நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். இடிக்காமல் விட்ட செங்கல்லில் அடங்கியிருக்கும் சூழல் சேமிப்பு அதைவிடப் பெரிது.

அமெரிக்காவில் காவல்துறை மீதான நம்பிக்கை நெருக்கடி முற்றிய 2015இல், சிகாகோவின் ஸ்டூடியோ கேங் நிறுவனம் 'போலிஸ் ஸ்டேஷன்' என்ற ஆய்வுத் திட்டத்தை அந்நகரக் கட்டடக்கலைக் கண்காட்சியில் வைத்தது. நார்த் லான்டேல் பகுதி நிலையத்தைச் சுற்றிப் பூங்கா, ஆடுகளம், பொதுப் பயன்பாட்டு அறைகள் என்று அந்தத் திட்டம் விரிந்தது. நடைமுறைக்கு வந்தது சிறு துண்டு: நிலைய வாகன நிறுத்தத்தின் ஒரு பகுதி அரைக் கூடைப்பந்துக் களமாயிற்று. மறு ஆண்டு நியூயார்க்கில் பியார்க்க இங்கெல்ஸின் நிறுவனம் பிராங்ஸ் பகுதியின் 40ஆம் சரகத்துக்கு வரைந்த நிலையம் வெளியிடப்பட்டது. நியூயார்க் காவல்துறையின் முதல் பசுமைக் கூரை என்று அது அறிவிக்கப்பட்டது. தெருவிலிருந்து தனி வாசலோடு மக்களுக்கான அறை ஒன்றும் அதில் இடம்பெற்றது. இரண்டில் வாசலே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூரைமேல் வளரும் புல்லைப் புகார் கொடுக்க வருபவர் பார்க்கப்போவதில்லை.

சென்னை மாகாணத்தின் முற்றம்

இந்த வரலாற்றில் சென்னை மாகாணத்துக்குத் தனியிடம் உண்டு. அது பெருமைக்குரிய இடமல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே தாசில்தாரே வரியும் வசூலித்தார், காவலையும் பார்த்தார். வரி பாக்கிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் காவல்துறையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. தாசில்தார் அலுவலகமான கச்சேரியிலிருந்து பிரிந்த காவலுக்குத் தனிக் கட்டடம் தேவைப்பட்டது: லாக்-அப், ஆயுத அறை, ரைட்டர் மேசை, தாழ்வாரம். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் தாழ்வாரமும் வெயிலுக்கு ஏற்றவை. அந்த வகையில் பழைய ஸ்டேஷன்கள் பின்னால் வந்த கான்கிரீட் பெட்டிகளைவிட மேல். ஆனால் அந்தத் தாழ்வாரம் ஊரைப் பார்த்துத் திறந்திருந்தாலும் உள்ளறை திறக்கவில்லை.

உள்ளறைக்குள் பார்வை செல்ல வழி செய்தது கட்டடக்கலை அல்ல, நீதிமன்றம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று, வாசல், லாக்-அப், நடைவழி, வரவேற்பிடம் உட்பட நிலையத்தின் எந்தப் பகுதியும் விடுபடாமல் ஒலியும் பதியும் கேமராக்கள் வைக்க ஆணையிட்டது. பதிவுகளை நெடுங்காலம் பாதுகாக்கவும் சொன்னது. மின்சாரம் இல்லாத இடங்களில் சூரிய ஒளி, காற்று உட்பட எந்த வழியிலாவது அதை வழங்குவது அரசின் கடமை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆக, இந்தியக் காவல் நிலையத்தின் கூரையில் சூரியத் தகடு வைக்க மின்கட்டணச் சேமிப்பைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு: நள்ளிரவில் மின்சாரம் போனாலும் லாக்-அப் கேமரா அணையக் கூடாது. சூரியன் பகலில் தருவதை நிலையம் இரவிலும் செலவழிப்பதால், தகட்டோடு மின்கலமும் சேர்ந்தால்தான் இது நடக்கும். அரசு ஒப்பந்தப் புள்ளிகளில் தகட்டுக்கு இருக்கும் இடம் மின்கலத்துக்கும் வேண்டும்.

மீதமிருப்பது முற்றம். தமிழ்நாட்டில் ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவது வழக்குகளில் பறிமுதலாகித் துருவேறிய வண்டிகள். எண்ணெயும் மின்கல அமிலமும் மண்ணில் இறங்குகின்றன. டயர்களில் தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசு பெருகுகிறது. மரம் நடவோ மழைநீரை இறக்கவோ காத்திருப்போர் நிழலில் அமரவோ இருந்த ஒரே இடமும் அவற்றுக்கே போய்விடுகிறது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: புகைப்படமும் பிணையும் பெற்றுக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொடுங்கள், நிலையத்தில் நெடுநாள் நிறுத்தி வைக்காதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு கால வரம்பும் வைக்கிறது: பொருளின் விவர அறிக்கையை நீதிமன்றம் 14 நாளில் தயாரித்து, அதிலிருந்து 30 நாளில் அதை என்ன செய்வது என்று ஆணையிட வேண்டும். இந்த வரம்பு கடைப்பிடிக்கப்பட்டால் ஒரு நிலையத்துக்கு ஒன்றரை மாதப் பறிமுதலைத் தாங்கும் கூரையிட்ட கொட்டகையும், எண்ணெய் இறங்காத தளமும் போதும். புதிய நிலையத்துக்கு வரைபடம் போடுபவர்கள் தரைப்பரப்பை இந்தக் கணக்கில் தொடங்கலாம். பழைய நிலையங்களில் சுவரைத் தொடாமலே வேலையை ஆரம்பிக்கலாம்.