பழைய காரும் பாலிசியில் ஒரு வரியும்

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். அவன் தகப்பனார் விட்டுப்போன பழைய காருக்குப் புதிய விதிப்படி 'விண்டேஜ்' பதிவு வாங்கலாமா என்று கேட்டான். நான் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். பிறகு அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவன். அதனால் தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் கடைசியில் என் திண்ணைக்குத்தான் வரும். கட்டைப் பிரித்தால் நடுவில் 2004-ம் வருடத்துக் காப்பீட்டுப் பாலிசி. அதை மறுபடி பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அதில் என் பிழையும் ஒன்று உண்டு.

கார், 1939-ல் செய்த பெஜோ 202. நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். முன்விளக்கு இரண்டும் வெளியே துருத்தி நிற்காது. மூக்கில் உள்ள கம்பி வலைக்கு உள்ளே ஒட்டி ஒட்டி இருக்கும். தெருப் பிள்ளைகள் அதற்கு 'மாறுகண்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைமாறிக் கைமாறி அண்ணனிடம் வந்தது. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பதினைந்து வயது மூத்த நண்பர், சொல்தாவாக இருந்து பென்ஷனில் வந்தவர். வாரத்தில் ஒருநாள் கடற்கரை வரை ஓட்டுவார், வந்து துடைப்பார். துடைக்கிற நேரம்தான் அதிகம்.

அந்தக் காலத்தில் மோட்டார் காப்பீட்டுக் கட்டணத்தை நிறுவனங்கள் தம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே கட்டணப் புத்தகம். 2002-ல் வந்தது அது. 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்த கார், அதற்கென்றுள்ள சங்கத்தின் சான்றிதழும் இருந்தால், சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தில் 25 சதவீதம் தள்ளுபடி என்று அதில் இருந்தது. மற்றக் கார்களுக்கு வருடா வருடம் தேய்மானம் கழிப்பார்கள். பழைய காருக்கு மட்டும் இரு தரப்பும் பேசி ஒரு மதிப்பை ஒத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இந்தப் புத்தகத்தில் உணர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அது இந்த இடத்தில்தான். அறுபது வருடக் காரைத் தேய்மானக் கணக்கில் போட்டால் இரும்புக்கடை விலைகூட வராது.

சலுகை இல்லாத இடம் ஒன்று உண்டு. அதுதான் 'பயன்பாட்டு வரம்பு' என்ற வரி. தனியார் கார் எதுவானாலும் அந்த வரி ஒன்றே. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது, சரக்கு ஏற்றக்கூடாது, பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் விடக்கூடாது, மோட்டார் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. பழைய கார்களின் பேரணியில் கலந்துகொள்ள வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மேல்தொகை கட்டி, பாலிசியில் தனி ஒப்புதல் ஒட்ட வேண்டும்.

இந்த வாசகம் நேற்றுப் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் 1930-ம் வருடச் சட்டம் மோட்டார் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதன் சாயலில் இந்தியாவில் 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. காப்பீட்டுப் பகுதி மட்டும் 1946 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. வாடகை ஓட்டமும் பந்தயமும் காப்பீட்டுக்காரர் மறுக்கத் தக்க காரணங்கள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1988-ன் சட்டமும் அதைக் கைவிடவில்லை. பிரான்சில் கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் 1958 பிப்ரவரியில் நிறைவேறி அடுத்த வருடம் ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இந்த விஷயத்தில் நம் பழைய எஜமானர்களைவிட மற்றவர்களின் பழைய எஜமானர்கள் முந்திக்கொண்டார்கள்.

காரணம் நியாயமானதுதான். கொட்டகையில் நிற்கிற காருக்கு விபத்து வராது. குறைவாக ஓடும் என்ற வாக்கை நம்பித்தான் குறைந்த கட்டணம். வெளிநாடுகளில் பழைய காருக்கென்று தனிப் பாலிசி தருபவர்கள் இதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். தினசரி வேலைக்குப் போக வேறு கார் உனக்கு இருக்கிறதா, இரவில் பூட்டிய கொட்டகையில் நிற்குமா, வருடத்துக்கு எத்தனை மைல் ஓடும் என்றெல்லாம் கேட்பார்கள்.

இனி என் பிழை. 2004 ஆவணியில் என் தங்கை மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டது நான்தான். அண்ணன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். பணம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் பெட்ரோலுக்கு அவர் கையிலிருந்து போவது முறையா? ஒரு கவரில் 1,500 ரூபாய் போட்டேன். அலுவலகப் பழக்கம், கவரின் மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை. செலவுப் பட்டியலில் மண்டபம், மேளம், பூ என்று தலைப்பு இருந்ததுபோல இதற்கும் ஒன்று: 'கார் வாடகை – ரூ.1,500'.

அழைப்பு அமர்க்களமாக நடந்தது. மறுநாள் திரும்பும்போது எதிரே ஒரு லாரி இன்னொரு லாரியை முந்தியது. அண்ணன் ஒதுங்கினார்; கார் புளியமரத்தில் போய் நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. காருக்கு மூக்கு போயிற்று, அந்தக் கம்பி வலையும் விளக்கும் சேர்ந்து. பட்டறைக்காரர் சொன்ன செலவு 48,000.

சேதம் பார்க்க வந்த சர்வேயர் நல்ல மனிதர்தான். காரின் முன்பக்கப் பெட்டியைத் திறந்தார். கவர் அங்கே இருந்தது, பணமும் உள்ளேயே இருந்தது. அண்ணன் அதைத் தொடக்கூட இல்லை.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது: வாடகைக்கு ஓட்டியதால் வரம்பு மீறல், இழப்பீடு இல்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் தங்கள் காகிதத்தைப் படித்தார்கள், என் கையெழுத்தையும் படித்தார்கள். வாடகை வாங்கவில்லையே என்று நான் வாதாடப் பார்த்தேன். பக்கத்திலேயே 'கூலிக்கோ' என்ற சொல் இருந்தது. பிரெஞ்சு பாலிசியிலும் பணத்துக்கு ஈடாகச் செய்யும் போக்குவரத்து என்றுதான் வரும். எந்த மொழியில் போனாலும் கதவு மூடியே இருந்தது. "விடு தம்பி, நீ வேணும்னா எழுதினே?" என்றார் அண்ணன். பாதிச் செலவு நான் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. அவர் வாங்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஆறு வருடம் கழித்து, 2010 மார்ச்சில், அமலேந்து சாஹு என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் தனியார் கார் வாடகைக்கு ஓடியது என்ற தகராறுதான். பயன்பாட்டு வரம்பை மீறினார் என்பதற்காக உரிமையாளரின் சொந்தச் சேதக் கோரிக்கையை முழுதுமாகத் தள்ளிவிட முடியாது. அத்தகைய மீறலுக்கு 75 சதவீதம் வரை தரலாம் என்று காப்பீட்டுத் துறையிலேயே வழிமுறை இருக்கிறது என்று சுட்டிக்காட்டியது. 48,000-ல் 75 சதவீதம் 36,000. பேப்பரில் படித்த அன்றே கணக்குப் போட்டேன். அண்ணன் அப்போது படுக்கையில் இருந்தார், அவரிடம் சொல்லவில்லை.

பிரான்சிலும் விதி மாறியிருக்கிறது. அங்கே பழைய காருக்கு 'கொலெக்சியோன்' என்று தனிப் பதிவு அட்டை உண்டு. அந்த அட்டை இருந்தால் தன் மாவட்டமும் அதை ஒட்டிய மாவட்டங்களும்தான் எல்லை. அதைத் தாண்டித் தன் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. 2009-ல் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். அதே கையோடு 25 வயதுக் கார் போதும் என்றிருந்ததை 30 ஆக்கினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது எல்லா அரசாங்கத்துக்கும் பழக்கம்தான்.

நம் நாட்டில் 2021 ஜூலையில் வந்த விதி வேறு திசையில் போகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய, சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழைய கார்ப் பேரணி, எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்காக ரோட்டில் போகலாம். வழக்கமான ஓட்டத்துக்கோ வணிகத்துக்கோ கூடாது. முன்பு பாலிசியில் ஒரு வரி, என்னென்ன கூடாது என்று சொன்னது. இப்போது விதியே என்னென்ன கூடும் என்று எண்ணிச் சொல்கிறது.

தம்பியின் கேள்வி இதுதான். அவன் தாயாருக்கு 81 வயது. வருடா வருடம் ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்கு அந்தக் காரில்தான் போவார். அண்ணன் இருந்த காலத்திலிருந்து வழக்கம். புதிய எண் வாங்கிவிட்டால் போகலாமா? பட்டியலை மூன்று தடவை படித்தேன். தேர் அதில் இல்லை. அம்மா பேரணி இல்லை, கண்காட்சியும் இல்லை.

புதிய எண்ணுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம் என்றேன். போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்திலேயே கேட்போம் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். ஆறு வரிதான். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துத்தான் வைத்தேன். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பதில் வரவில்லை.