எஞ்சினின் மூச்சை அளந்த கதை

வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். போகும் கார்களில் ஒன்றிரண்டின் உறுமல் மட்டும் தனியாகக் கேட்கும். தொழிற்சாலையில் பொருத்திய காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவத் திறந்த வடிகட்டியை அதில் மாட்டியிருப்பார்கள். "காற்று தாராளமாகப் போகிறது, வண்டி பறக்கிறது" என்பார்கள் சொந்தக்காரர்கள். காற்று உண்மையிலேயே கூடுதலாகப் போகிறதா? அல்லது சத்தம் மட்டும் கூடியிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. அதன் ஒரு கிளை இதே வண்டலூரில் முடிகிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று தேவை. அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல் காற்று வேண்டும்! பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். நான்கு வீச்சு எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிரம்ப வேண்டும். நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடினால் ஒரு நிரப்புதலுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் 150-இல் ஒரு பங்குதான். அதற்குள் காற்று வடிகட்டி, கார்பரேட்டர், வளைந்த குழாய், வால்வின் குறுகிய இடுக்கு எல்லாவற்றையும் கடந்து உள்ளே வந்தாக வேண்டும்.

இந்த வழியில் காற்று எங்கே தடைபடுகிறது என்பதை ஊகத்தால் அன்றி அளவையால் கண்டுபிடிக்க முனைந்தவர்களில் முன்னோடி ஹாரி வெஸ்லேக். 1897-இல் இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை எரிவாயுக் கருவிகள் செய்யும் நிறுவனத்தைச் சேர்ந்தவர். வாயுவின் ஓட்டத்தை அளப்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த வித்தைதான். வெஸ்லேக் செய்தது இதுதான்: எஞ்சினின் தலைப்பகுதியைத் தனியே கழற்றி மேசைமேல் பொருத்தினார். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒரே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்தார். பிறகு துளையின் வடிவத்தைச் சிறிது மாற்றி மறுபடி அளந்தார். எஞ்சினை ஓட்டவே வேண்டாம்!

இதன் பயன் 1935-இல் ஊரறியத் தெரிந்தது. வில்லியம் லயன்ஸ் என்பவர் தம் எஸ்.எஸ். கார்களுக்குக் கவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு கம்பெனி எஞ்சினை வாங்கிக்கொண்டிருந்தார். வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த அந்த எஞ்சின் 70 குதிரைத் திறனுக்குச் சற்று மேல்தான் தந்தது. வெஸ்லேக் வால்வுகளைத் தலைமேல் வைத்துப் புதிய தலைப்பகுதியை வடிவமைத்தார். அதே அளவுள்ள எஞ்சின் 100-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் காருக்குத்தான் முதன்முதலில் ஜாகுவார் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் பெயரைத் தாங்கியதுதான் நம் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. வான்கார்டும், 1961-இலிருந்து ஹெரால்டும் நம் சாலைகளுக்கு வந்தது அந்த நிறுவனத்தால்தான். வான்கார்டின் எஞ்சினைச் சற்று உற்றுப் பார்ப்போம். கட்டை போன்று உறுதியானது. அதே வம்சம் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழைத்தது. 2,088 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஒற்றைக் கார்பரேட்டரும் கொண்ட அது தந்தது 68 குதிரைத் திறன். அதையே 1,991 கன சென்டிமீட்டராகக் குறைத்து, இரண்டு கார்பரேட்டர்கள் வைத்து, கேம் தண்டையும் அமுக்க விகிதத்தையும் மாற்றி, 1953-இல் டிரையம்ப் டி.ஆர்.2 என்ற பந்தய வகைக் காரில் பொருத்தினார்கள். திறன் 90 ஆயிற்று. கொள்ளளவு குறைந்தும் திறன் கூடியதில் நல்ல மூச்சுக்குப் பெரும் பங்குண்டு.

1985-இல் வண்டலூர்த் தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, அங்கே அதற்கு எட்டு சிலிண்டர் எஞ்சினும் உண்டு. இங்கேயோ அதே பழைய 1,991 எஞ்சினின் வழிவந்ததை வைத்தார்கள். திறன் 80-ஐச் சற்றே தாண்டியது. அன்று நம் நாட்டில் கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. ஆயினும், யானைக்குக் குதிரையின் நுரையீரலை வைத்தது போலாயிற்று என்பதே என் எண்ணம். பெட்ரோலும் அதிகம் குடித்தது, விலையும் அதிகம். 1988-இல் உற்பத்தி நின்றது. அங்கு உழைத்தவர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று.

சரி, கூம்பு வடிகட்டிக்கு வருவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சி. எஃப். டெய்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஆராய்ந்தார்கள். உள்வால்வின் இடுக்கில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டியதும் சிலிண்டர் நிரம்புவது சரியத் தொடங்குவதைக் கண்டார்கள். அதாவது, கழுத்து நெரிபடும் இடம் பெரும்பாலும் வால்வு, வடிகட்டி அல்ல.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயை 'ப' எழுத்தைப் போல் வளைத்து, பலகையில் கட்டி, சாயம் கலந்த நீரைப் பாதிவரை ஊற்றுங்கள். ஒரு முனையை வடிகட்டிக்கு அப்பால் உள்ள காற்றுக் குழாயோடு இணையுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி ஓட்டும்போது இரு பக்க நீர்மட்டமும் எத்தனை சென்டிமீட்டர் வேறுபடுகின்றன? 10 என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 1,033 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். ஆக, வடிகட்டியை அடியோடு எடுத்தெறிந்தாலும் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஒன்று! தூசு எஞ்சினுக்குள் போவது தனிக் கணக்கு.

இன்னொன்று, வெப்பம். பானட்டுக்குள் திறந்து நிற்கும் வடிகட்டி எஞ்சினின் சூட்டையே உறிஞ்சுகிறது. வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறைந்துவிடும். குளிர்ந்த காற்றும் உள்ளே போகப்போகச் சூடேறும் என்பதால் நட்டம் முழு ஒன்பதாக இராது. இருந்தாலும், வாயிலில் ஒன்றை ஈட்டி அடுப்பங்கரையில் மூன்று நான்கை இழந்தால் லாபம் எங்கே?

இன்றைய கார்கள் பலவற்றில் உள்ளே போகும் காற்றை அளக்கும் உணர்கருவியே இருக்கிறது. அது விநாடிக்கு இத்தனை கிராம் என்று சொல்லும் எண்ணைப் படிக்க மலிவான கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் எச்சரிக்கை: குழாயின் வடிவத்தை மாற்றினால் காற்று உணர்கருவியின்மேல் படும் விதமும் மாறும். போன காற்று அதே அளவாக இருக்க, எண் மட்டும் கூடலாம், குறையலாம். இதனால்தான், படப்பையை அடுத்த ஒரகடத்தில் இருக்கும் உலகத் தர வாகன ஆய்வு மையம் போன்ற இடங்களில் காரை உருளைகள்மேல் ஏற்றி, சக்கரத்தில் கிடைக்கும் திறனையே நேரடியாக அளக்கிறார்கள்.

நம் நீர்க் குழாய்ச் சோதனைக்கு ஒரு குறிப்பு. ஒரே சாலையில், ஒரே கியரில், வெயில் மாறுவதற்குள், பழைய வடிகட்டியோடு மூன்று முறையும் புதியதோடு மூன்று முறையும் பாருங்கள். பலகையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும்; ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். குழாய் மட்டும் போதிய நீளம் இருக்க வேண்டும். இல்லையேல் சாயத் தண்ணீரை எஞ்சின் குடித்துவிடும்.