விசுவாசமா, நற்செயலா? கிறிஸ்துவ சபைகளின் நெடுநாள் வழக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் லூத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், கத்தோலிக்கர்களின் ஃபாத்திமா மாதா ஆலயம் மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மேலைக் கிறிஸ்துவத்தை 16ஆம் நூற்றாண்டில் பிளந்த ஒரு கேள்வியில், இந்த மூன்று சபைகளின் உலக அமைப்புகளும் இன்று ஒரே உடன்பாட்டில் நிற்கின்றன. தமிழ்க் கிறிஸ்துவர்கள் பலருக்கே இது தெரிந்திருக்காது.

கேள்வி இதுதான்: மனிதன் கடவுள் முன் நீதிமானாவது விசுவாசத்தாலா, அவன் செய்யும் நற்செயல்களாலா?

கணவர் கத்தோலிக்கர், மனைவி லூத்தரன் என்ற வீடுகளில் இது இன்றும் தலைகாட்டும். “புண்ணியம் சேர்த்து மோட்சம் போகப் பார்க்கிறீர்கள்” என்பார் ஒருவர். “நம்பினால் போதும், எப்படியும் வாழலாம் என்கிறீர்கள்” என்பார் மற்றவர். இரண்டு சபைகளுமே அப்படிப் போதிக்கவில்லை.

சொற்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. சீர்திருத்த சபையார் விசுவாசம், கிருபை, கிரியை என்பதை, கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை, அருள், செயல் என்கிறது. ஒருவருக்கு ‘நீதிமான்’, மற்றவருக்குக் ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’. ஒரே வசனத்தை வாசித்துவிட்டு இருவரும் வேறு வேறு பேசுவதுபோல் தோன்றும்.

வழக்கின் வேர் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பவுலும் யாக்கோபும் ஆபிரகாம் என்ற ஒரே சாட்சியைத்தான் அழைக்கிறார்கள். ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுவதற்கு முன்பே, கடவுளை நம்பியதால் நீதிமானாக எண்ணப்பட்டார் என்று ரோமர் 4ஆம் அதிகாரத்தில் வாதிடுகிறார் பவுல். மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தபோதுதான் அந்த விசுவாசம் நிறைவடைந்தது என்கிறார் யாக்கோபு.

இருவரும் வேறு வேறு ஆட்களிடம் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் முடிச்சு பாதி அவிழும். யூதரல்லாதவர்கள் மீது மோசேயின் சட்டத்தைச் சுமத்தியவர்களுக்குப் பவுல் பதில் சொல்கிறார். பசித்து, உடுத்த உடையின்றி நிற்கும் சகோதரனை நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறவர்களை யாக்கோபு கண்டிக்கிறார். நற்செயல் வேண்டாம் என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. எபேசியர் 2ஆம் அதிகாரத்தில், இரட்சிப்பு கிரியைகளால் வருவதல்ல என்ற கையோடு, நற்கிரியை செய்யவே நாம் படைக்கப்பட்டோம் என்கிறார்.

1517இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்தது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை. அது பாவத்துக்கான தண்டனையைக் குறைப்பது மட்டுமே என்பது திருச்சபையின் விளக்கம். காசு கொடுத்து வாங்கிய ஏழைகள் அந்த நுணுக்கத்தைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே. விசுவாசத்தால் மட்டுமே என்பதில் லூத்தர் அவ்வளவு உறுதியாக இருந்ததால், 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆனாலும் நல்ல மரம் நல்ல கனி தரும் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கனி மரத்தை நல்லதாக்காது என்பதே அவருடைய வாதம்.

கத்தோலிக்கத் தரப்பின் பதில் 1547இல் திரெந்து சங்கத்திலிருந்து வந்தது. ‘விசுவாசம் மட்டும்’ என்ற போதனையை அது கண்டித்தது உண்மை. ஆனால் அதன் முதல் கண்டனமே வேறு: கடவுளின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்பவர்களை அது சாடியது. இந்தப் பகுதி அதிகம் பேசப்படுவதில்லை.

31 அக்டோபர் 1999 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதையும் பார்க்காமல், கிறிஸ்துவின் மீதான விசுவாசத்தில், கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார். தூய ஆவியே உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். ஆக, நற்செயல் விலை அல்ல, விளைவு. 2006இல் சோலில் உலக மெதடிஸ்ட் மன்றமும் இதில் இணைந்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நற்செயலுக்குப் ‘பலன்’ உண்டு என்ற சொல்லைக் கத்தோலிக்கர் இன்றும் பயன்படுத்துகிறார்கள். லூத்தரன்களுக்கு அது உறுத்தும். இறந்தவர்களுக்காகப் பூசை கொடுப்பதிலும் வேறுபாடு நீடிக்கிறது. திருவிருந்தும் பொதுவாகவில்லை. லூத்தரன் மனைவி கணவரோடு கத்தோலிக்கப் பூசைக்குப் போனாலும், நன்மை வாங்கும் நேரத்தில் பொதுவாக இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டும்.