ஊரடங்கும் பேறுகாலமும்

2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஆலையை மூடலாம், இரயிலை நிறுத்தலாம், கருவுற்ற தாயின் நாட்களை நிறுத்தி வைத்தல் இயலுமோ?

அன்றே, மருத்துவர் தொலைபேசி வழியாக நோயாளிக்கு ஆலோசனை கூறுதற்குரிய நெறிமுறைகள் வெளியாயின. ஏப்ரல் 14இல் மத்திய சுகாதார அமைச்சகம் பேறுகால மருத்துவத்தையும் குடும்பநலப் பணியையும் இன்றியமையாத சேவைகளுள் அடக்கியது. பல இடங்களில் கருத்தடை அறுவை சிகிச்சை நின்றது. அங்கெல்லாம் மாத்திரையும் ஆணுறையும் ‘ஆஷா’ பணியாளர் வாயிலாக இல்லங்களைச் சென்றடைய வேண்டியிருந்தது. 2005இல் தொடங்கிய தேசியக் கிராமப்புறச் சுகாதார இயக்கம் உருவாக்கிய பணியாளர் படை அது.

மருத்துவமனை எட்டாதபோது, தெருவை அறிந்த பெண்ணொருத்தியே துணையானாள். நேயர்களே, அயல் மாநிலத்தில் வாழும் நாம் நம் பகுதிப் பணியாளரை முன்னரே அறிந்திருத்தல் நலம்.