கிள்ளான் கடலோரத்தில் கரை கட்டியோர்

திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களில் கரை என்பது ஏரிநீரைத் தேக்குதற்கு எழுப்பப்படுவது. அப்பகுதிகளிலிருந்து கிள்ளானுக்கு வந்த நம்மவர் கட்டிய கரைகளோ நீரைப் புறத்தே நிறுத்துதற்கானவை.

கிள்ளான் கடலோரம் களிமண் படிந்த தாழ்நிலம். ஓதம் ஏறுங்கால் கடல்மட்டம் பல இடங்களில் நிலத்தினும் உயர்ந்து நிற்கும். 1890களில் அங்கே லைபீரியக் காப்பி பயிராயிற்று. பிரேசிலில் விளைச்சல் பெருகி விலை வீழவே, அவ்விடத்தை ரப்பர் பிடித்தது. பயிர் மாறினும் நீர்ப்பகை மாறவில்லை. மழைநீரில் வேர் அழுகாதிருக்க வாய்க்கால் வேண்டும். உவர்நீர் புகாதிருக்கக் கரை வேண்டும். பால்மரம் வெட்டியோரைப் பேசும் அளவுக்கு, இவற்றை மண்வெட்டியால் வெட்டியோரை நாம் பேசுவதில்லை.

வாய்க்கால் கரையைக் கடக்குமிடத்தில் மதகு உண்டு. அதன் கதவு கடற்புறமாக மட்டுமே திறக்கும். ஓதம் வற்றும்போது உள்நீர் கதவைத் தள்ளி வெளியேறும். ஏறும்போது கடலே அதனை அடைத்துவிடும். ஏரி மதகைப் பழகியவர்க்கு இது வியப்பாகவே இருந்திருக்கும்.

இன்று செம்பனை விளையும் கேரித் தீவும் இத்தகைய கரைகளாற் சூழப்பட்டதே.

ஆயினும் நீரை மிகுதியாக வடித்தலும் கேடாயிற்று. அக்களிமண்ணின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொருள் உள்ளது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. காற்றுப் பட்டால் கந்தக அமிலம் பிறந்து வேரைக் கருக்கும். ஆதலின் வாய்க்கால்களில் தடுப்பிட்டு, நீரை ஓரளவு தேக்கி வைக்கும் முறை பின்னர் வந்தது. ஏரிக்கரையில் விட்டுவந்த வேலை ஒருவாறு இங்கும் வந்து சேர்ந்தது.