சும்மா இருந்தவர்கள் மீது ஒரு வழக்கு

நான் ஜெபமாலை சொல்லி வளர்ந்தவன். ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடியும்வரை எங்கள் வீட்டில் இரவுச் சோறு கிடையாது. அதனாலோ என்னவோ, நேப்பிள்ஸ் பேராயர் கர்தினால் கராச்சியோலோ 1682 ஜனவரியில் பாப்பரசருக்கு அனுப்பிய புகாரைப் பற்றிப் படித்தபோது, மனம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கமே சாய்ந்தது. தம் மறைமாவட்டத்தில் ஒரு கூட்டம் வாய்விட்டு ஜெபிப்பதையும் ஜெபமாலையையும் கைவிட்டுவிட்டது என்பது அவர் மனக்குறை. எதையும் கேட்காமல் உட்கார்ந்து, நடப்பதைக் கடவுளிடம் விட்டுவிடுகிறார்களாம். அவர்களை அவர் 'குவியெத்திஸ்தி' என்று குறிப்பிட்டார். அமைதிக்காரர்கள் என்று சொல்லலாம். அவர்கள் தாமாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல அது.

அவர்களுக்கு வழிகாட்டி மிகேல் தெ மோலினோஸ். ஸ்பெயினின் அரகோன் பகுதியில் பிறந்த குருவானவர். 1663இல் ரோமுக்கு வந்தவர். 1675இல் வெளியான அவருடைய 'ஆன்மிக வழிகாட்டி'க்குத் திருச்சபையின் அனுமதி இருந்தது. பிரபுக்களும் கன்னியர்களும் ஆலோசனை கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பாப்பரசர் 11ஆம் இன்னசென்டே அவருக்கு வேண்டியவர். இயேசு சபைப் பிரசங்கி செக்னேரி 1680இல் இந்த மௌன ஜெபத்தை எதிர்த்து எழுதினார். மறு ஆண்டே தடைநூல் பட்டியலில் ஏறியது செக்னேரியின் புத்தகம்தான்!

காற்று திரும்ப நாளாகவில்லை. 1685 ஜூலையில் மோலினோஸ் கைதானார். விசாரணையில் ஒழுக்கக்கேட்டுக் குற்றங்களும் சேர்ந்துகொண்டன. அவை எவ்வளவு உண்மை என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே, அவரைப்போலவே எழுதிய பெத்ரூச்சிக்கு 1686இல் கர்தினால் பதவி கொடுத்தார் பாப்பரசர். இந்தக் குழப்பத்தைப் பார்த்தால், கொள்கை மட்டுமே பிரச்சினையாக இருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. சும்மா இருப்பதே போதும் என்று ஒருவன் நம்பிவிட்டால் பாவசங்கீர்த்தனம் எதற்கு, நோன்பு எதற்கு, குருவானவர்தான் எதற்கு? பேராயருக்குப் புரிந்தது அதுதான்.

1687 செப்டம்பர் 3 அன்று ரோமின் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தில், கூட்டத்தின் நடுவே, மோலினோஸ் தம் கருத்துகளை மறுதலித்தார். அவருடையவை எனப்பட்ட 68 கூற்றுகளைக் கண்டித்து நவம்பரில் பாப்பரசர் ஆணை பிறப்பித்தார். ஆயுள் சிறை, 1696இல் அங்கேயே இறந்தார். பிரான்சில் இதே பழி, மௌன ஜெபத்தைப் பற்றி எழுதிய மதாம் கியோனைப் பஸ்தீல் சிறைவரை கொண்டுபோனது. அவருக்குப் பரிந்த பேராயர் ஃபெனெலோனின் நூல் 1699இல் கண்டனத்துக்குள்ளானது.

'குவியெத்திஸ்தி' என்ற சொல் மட்டும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. கண்டன ஆணை வந்து ஓராண்டுகூட முடியாத 1688இல், 'இந்தியாவின் குவையட்டிசம்' பற்றி பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பெர்னியே ஒரு குறிப்பு வெளியிட்டார். முகலாய அரசவை வட்டாரத்தில் மருத்துவராக இருந்து நம் யோகிகளை நேரில் கண்டவர் அவர். நேப்பிள்ஸில் ஒட்டிய முத்திரை அவர்கள் நெற்றிக்கும் வந்தது.

இன்று ஆங்கிலப் பத்திரிகைகள் அதே அடைமொழியை ஈராக்கின் நஜஃப் நகரில் வாழும் அயதுல்லா சிஸ்தானிக்குத் தருகின்றன; மதகுருமார் நேரடியாக ஆட்சி நடத்துவதை அவர் ஏற்பதில்லை என்பதற்காக. ஐஎஸ் படை மோசுலைப் பிடித்த 2014 ஜூனில், ஆயுதம் ஏந்தி நாட்டைக் காக்க வாருங்கள் என்று ஈராக்கியரை அழைத்தவரும் இதே சிஸ்தானிதான்.