மகாவலிக் கரை நடை

1968இல் யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் ரயில் மாறிப் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பேராதனையில் வந்து இறங்கினேன். பனையை விட உயரமாக எதையும் அண்ணாந்து பார்த்திராத எனக்கு, நாலு பக்கமும் மலை வந்து நெருக்குவது போலிருந்தது. ஹந்தானை மலைமேல் முகில் இறங்கினால் மனசும் கூடவே இறங்கும். முதல் இரண்டு கிழமையும் ஒரே அந்தரம். மனநலம் என்ற சொல் அப்போது எங்கள் வாயில் இல்லை. "வீட்டு யோசனை" என்று சொல்லி விட்டுவிடுவோம்.

அந்த யோசனையைக் கரைத்தது நடைதான். விடுதி ஓரிடம், விரிவுரை மண்டபம் வேறிடம். நடுவில் கால் மணி நடை. இடையில் மரம், சரிவு, மழை, எதிரே வரும் சிங்களத் தோழியின் சிரிப்பு. விரிவுரை முடிந்ததும் மகாவலிக் கரைப் பாதையில் இறங்குவேன். அதற்கு லவ்வர்ஸ் லேன் என்று பெயர். ஜோடியில்லாமல் அதில் அதிகம் நடந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

விடுதிக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளி தற்செயலாக வந்ததல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை அதன் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கொழும்பு நெரிசலிலிருந்து பிரித்து, மாணவர் தங்கிப் படிக்கும் இடமாக்க விரும்பினார். பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டம் வரைந்தார்கள். கட்டடங்களுக்கு உருக்கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ். கண்டிக் கூரையும் கல்தூணும் மலையோடு மல்லுக்கு நிற்காமல் அதன் மடியில் அமர்ந்தன. 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்வு நடந்தது. அதே ஆண்டில் டி அல்விஸ் காலமானார்.

ஆனாலும் அழகான வளவு எல்லாத்தையும் ஆற்றிவிடாது. பகிடிவதையைத் தடுக்க 1998இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வதைக்கிறவனுக்கும் அதே மரநிழல்தானே? மாணவர் தொகை பெருக, ஒதுங்கித் தனியே இருக்கும் இடமும் சுருங்கியது.

அந்நாளில் எங்களுக்குத் துணையாய் இன்னொன்றும் இருந்தது, கூத்து. நான் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று ஒவ்வொன்றாக மேடையேற்றியிருந்தார். மலைநாட்டு இருட்டில் மத்தளம் கேட்டால் ஊர் பக்கத்தில் வந்துவிடும்.

புதுக் கட்டடத்துக்கு நிலம் அளக்கிறவர்களே, அந்த ஆற்றங்கரைப் பாதையில் மட்டும் கைவைக்காதீர்கள்.